கடைவாய்ப் பல்லில் ஒரு அழைப்பு

கிரேனாப்பின் கடைவாய்ப் பல்லுக்குள் ஒரு தெரு இருந்தது. அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை, எல்லார் பல்லுக்குள்ளும் உண்டு. அங்கே குடியிருந்தவை ஸ்டெம் செல்கள். என்னவாக ஆவது என்று இன்னும் முடிவு செய்யாத கூட்டம். சும்மா இருப்பதுதான் வேலை. அதைக் குறையில்லாமல் செய்துவந்தன.

அந்தத் தெருவின் கூரையைச் சொத்தை தின்றுவிட்டது. பாளையங்கோட்டைப் பல் டாக்டர் ஆவுடையப்பன் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"உள்ள இருக்கவங்க சாயங்காலத்துக்குள்ள சுவர் எழுப்பணும். இல்லன்னா நரம்பை எடுத்துருவேன். பல்லு நிக்கும், உயிர் இருக்காது."

கிரேனாப் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவளோடு சேர்ந்து அத்தனை முறுக்கு கடித்த பல். அதைப் பிணமாக வாயில் வைத்துக்கொண்டு திரிய அவளுக்கு மனம் வரவில்லை.

டாக்டர் குழியில் சிமெண்ட் வைத்தார். அது கால்சியம் அயனிகளை வண்டி வண்டியாக இறக்கியது. இறங்கியவை மைக் கட்டிக் கத்தின. எல்லோரும் உடனே வேலைக்கு வர வேண்டுமாம். தெருவில் கதவுகள் படபடவென்று சாத்திக்கொண்டன. சத்தம் தாங்காமல் இரண்டு வீடுகள் மயங்கி விழுந்தன.

"என்ன சங்கதின்னு பாத்துட்டு வாங்க" என்றார் டாக்டர்.

கிரேனாப் செருப்பைக் கழற்றிவிட்டுத் தன் வாய்க்குள் இறங்கினாள். உடம்பு நாற்காலியிலேயே வாயைத் திறந்தபடி கிடந்தது. டாக்டர் அதற்கு ஒரு துண்டைப் போர்த்தினார்.

நடக்க நடக்கத் தெரு நீண்டது. கடைசி வீட்டுக் கதவு மட்டும் கொஞ்சம் திறந்தது.

"ஏன் யாரும் வேலைக்கு வரல?" என்று கேட்டாள்.

"முறையா கூப்பிட்டாகளா?" என்றது உள்ளே இருந்த செல்.

"மைக்ல சொன்னாங்கல்லா."

"மைக்ல சொன்னா வந்துருவமா? எங்களுக்கு ரோஷம் கிடையாதா? வீடேறி வந்து கூப்பிடணும்."

"சரி, உங்க பேரு?"

"என்னவா ஆவோம்னு தெரியட்டும். பொறவு வச்சுக்கிடுவோம்."

கிரேனாப்புக்குக் கோபம் வரவில்லை. நியாயம்தானே. பத்திரிகையை கேட்டில் செருகிவிட்டுப் போனவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு அவளும்தான் போனதில்லை. அண்ணாந்து குரல் கொடுத்தாள்.

"டாக்டர், இதைச் சுரண்டி எடுத்துட்டு, நிதானமா பேசுத சிமெண்டா வைங்க."

டாக்டர் வைத்தார். இந்தத் தடவை கால்சியம் அயனிகள் ஒன்றிரண்டாக இறங்கின. வெள்ளை வேட்டி, கையில் தாம்பாளம், வெற்றிலை பாக்கு. கிரேனாப் முன்னால் நடந்து வீடு காட்டினாள். "குடும்பத்தோட அவசியம் வந்துரணும்" என்று வாசலுக்கு வாசல் கைகூப்பின. மயங்கிக் கிடந்த வீடுகளுக்குத் தண்ணீர் தெளித்து எழுப்பி, அங்கேயும் சொல்லின.

கடைசி வீட்டுச் செல் வெற்றிலையை எடுத்துக்கொண்டு எழுந்தது. எழும்போதே கொத்தனாராகிவிட்டது. சுடலைமுத்து என்று பேரும் வைத்துக்கொண்டது. பிறகு தெருவே எழுந்தது. ஒன்று மட்டும் வக்கீலாகிவிட்டது. அதன் தலையிலும் கல்லை ஏற்றினார்கள்.

சுவர் எழும்பியது. அடேயப்பா, என்ன சுவர். கிரேனாப்பும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சாந்து சுமந்தாள். மூலைக்கு மூலை மூடிக்கொண்டு வந்து, கடைசிக் கல்லும் உட்கார்ந்தது. வெளியே போக அவளுக்கு வழியில்லை. நாலு பக்கமும் தடவிப் பார்த்தாள். ஊசி நுழைய இடமில்லை. அவளுக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை.

மேலே, பல்லுக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்க டாக்டர் அதன்மேல் ஐஸ் கட்டியை வைத்து, நாற்காலியில் கிடந்த வாயிடம் கேட்டார்.

"ஏதாவது தெரியுதா?"

தெரு முழுவதும் சிலிர்த்தது.

"கூசுது டாக்டர்" என்றாள் கிரேனாப், சுவருக்கு உள்பக்கத்திலிருந்து.

"எங்களுக்கும்" என்றது தெரு.