சத்தம் போடும் பட்டன்கள்

மலேசியாவின் ஈப்போவில் ஷாஹ்ருலின் சாப்பாட்டுக் கடை நல்ல நீளம். வாசல் பக்கம் மேசைகள், கடைக்கோடியில் தேநீர், குளிர்பானம் என்று தண்ணி கலக்கும் மேடை. வாசலில் நின்று அவன் "தே தாரிக் ஒன்னு!" என்று போடும் சத்தம் மேடையில் நிற்கும் பிச்சைமுத்துவின் காதில் போய் விழும். கடை ஓடியதே அதில்தான். அந்தத் தொண்டையில்தான் ஆபரேஷன் செய்தார்கள். இனி ஆயுசுக்கும் சத்தம் போடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மனுஷன் சுருண்டுபோனதை அவன் மனைவி ஷப்னத்தால் பார்க்க முடியவில்லை. பக்கத்து ஊரான காம்பாரில் கம்ப்யூட்டர் படித்தவள் சும்மா இருப்பாளா? டேப்லட்டில் பட்டன்களை அடுக்கி ஒரு புரோகிராம் எழுதினாள். நுரைக்க ஆற்றிய பால் தேநீரான தே தாரிக் பழுப்பு, மைலோ பச்சை, எலுமிச்சைச் சாறான லிமாவ் ஐஸ் மஞ்சள். தொட்டால் மேடையில் மாட்டிய திரையில் எழுத்து வரும்.

வீட்டில் எல்லாம் ஒழுங்காக ஓடியது. சனிக்கிழமை காலை கடையில் மானம் போனது. பிச்சைமுத்து இரண்டு கையிலும் குவளையைப் பிடித்துத் தே ஆற்றுகிறவர். காது கேட்டால் கை கலக்கும், அவ்வளவுதான். திரையை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை.

"அண்ணே, தண்ணி வருமா வராதா?" என்றது ஒரு மேசை.

பழக்கத்தில் வாயைத் திறந்தான் ஷாஹ்ருல். வெறும் காற்றுதான் வந்தது. டேப்லட்டைக் கவிழ்த்து வைத்தான்.

"வேணாம்லா ஷப்னம்," என்று கிசுகிசுத்தான். "நான் வீட்லயே இருந்துக்குறேன். கடைக்கு வேற ஆள பாரு."

அதைக் கேட்டதும் அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. தொடுகிற விரலை யோசித்தவள், கேட்கிற காதை யோசிக்கவில்லையே!

அன்று மத்தியானமே கைப்பேசியில் கிடந்த பழைய வீடியோக்களைத் துழாவினாள். அவன் சத்தம் போடுவதைக் கிண்டலுக்காகக் கூட்டாளிகள் எடுத்தவை. துண்டு துண்டாக வெட்டி ஒவ்வொரு பட்டனிலும் சேர்த்தாள். லிமாவ் ஐஸ் மட்டும் எதிலும் இல்லை. வேறு வழி? குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு தானே கத்திப் பதிவு செய்தாள். மேடையில் ஒரு ஸ்பீக்கரையும் மாட்டினாள்.

மறுநாள் வேண்டா வெறுப்பாகப் பழுப்புப் பட்டனைத் தொட்டான் ஷாஹ்ருல்.

"தே தாரிக் ஒன்னூ!"

அவனுடைய பழைய குரலேதான். "வருது தம்பி!" என்று திரும்பிப் பார்க்காமலே பதில் சத்தம் போட்ட பிச்சைமுத்து, குவளையோடு அப்படியே நின்றுவிட்டார். "தம்பி, தொண்ட வந்துருச்சா?"

கடையே கைதட்டியது. ஷாஹ்ருல் கண்ணைத் துடைத்துக்கொண்டு பச்சையைத் தொட்டான், மறுபடி பழுப்பைத் தொட்டான். அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

அப்போது யாரோ லிமாவ் ஐஸ் கேட்டார்கள். மஞ்சளைத் தொட்டதும் ஒரு கீச்சுக்குரல் வீறிட்டது. ஷப்னம் முகத்தை மூடிக்கொண்டாள். கடை சிரித்துச் சிரித்துப் புரையேறியது. அதற்குப் பிறகு தே குடிக்க வந்தவர்களும் லிமாவ் ஐஸ்தான் கேட்டார்கள்.

"அந்தப் பட்டன விடுப்பா, லிமாவ் தீரப் போவுது!" என்று கெஞ்சினார் பிச்சைமுத்து.

கூட்டம் குறைந்ததும் ஷாஹ்ருல் இன்னொரு தடவை மஞ்சளைத் தொட்டான்.

"இது யாருக்குத் தம்பி?"

மனைவியைக் கை காட்டினான். பிறகு அவள் காதருகே குனிந்து, "நாளைக்கு வெள்ளன எழுப்பிவிடுலா, நான்தான் கடைய தொறக்கணும்," என்றான்.