கண் அளவு

லாரிக்காரர்கள் அவனுக்கு வைத்த பெயர் டன். எடைமேடையில் பதினாறு வருஷமாக உட்கார்ந்திருக்கிறவனுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? மணல், ஜல்லி, இரும்பு, எது ஏறி வந்தாலும் மேடையில் நிறுத்தி, கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்தபடியே எண்ணைப் பார்த்து, சீட்டு கிழித்துக் கொடுக்க வேண்டும். நாற்காலியை விட்டு எழவே வேண்டாம். கைக்கு எட்டுகிற தூரத்தில் ஒரு டப்பா நிறைய நொறுக்குத் தீனி. அது காலியாக இருந்து யாரும் பார்த்ததில்லை. "டன் அண்ணே, நம்ம வண்டி நிக்கிறப்ப மேடைப் பக்கம் வந்துடாதீங்க, ஓவர்லோடுன்னு என்னைப் பிடிச்சுடுவாங்க" என்று டிரைவர்கள் கிண்டலடிப்பார்கள். அவனும் வயிறு குலுங்கச் சிரிப்பான். தொண்ணூற்றாறு கிலோ ஆள் சிரித்தால் கூண்டும் சேர்ந்துதான் குலுங்கும்.

அந்தச் சிரிப்பு அக்காவுக்கு வியாதி வந்ததோடு நின்றுபோனது.

அக்கா தையல்காரி. இரண்டு தெரு தள்ளி, மாடி வீட்டில், ஜன்னலோரம் மெஷினைப் போட்டுக்கொண்டு தைப்பவள். அவனைவிட எட்டு வயசு மூத்தவள். அம்மா போனபோது அவனுக்கு ஏழு, அவளுக்குப் பதினைந்து. அன்றையிலிருந்து அவனுக்குக் கல்யாணம் ஆகிற வரைக்கும் அவன் தட்டில் விழுந்தது எல்லாம் அவள் கையால் விழுந்ததுதான். அவளுக்கென்று பிள்ளை இல்லை. அத்தான் நல்ல மனுஷன், முன்கோபி. இப்படிப்பட்டவளுக்குப் போய்க் கல்லீரல் கெட்டுப்போய்விட்டது என்றார்கள். குடியா, கூத்தா, ஒரு மண்ணும் கிடையாது. என்றைக்கோ வந்துவிட்டுப் போனதாக நினைத்த காமாலை, போகாமல் உள்ளேயே உட்கார்ந்து அரித்திருக்கிறது.

இன்னொருவர் கல்லீரலிலிருந்து ஒரு துண்டை எடுத்து வைத்தால் பிழைப்பாள். கொடுத்தவருக்கு அது மறுபடி வளர்ந்துவிடுமாம். அத்தானுக்கு ரத்தம் சேரவில்லை. தம்பிக்குச் சேர்ந்தது. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் டாக்டர் அவனுடைய ஸ்கேனை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"உங்க கல்லீரல் பூராக் கொழுப்பு. இப்படியே எடுத்தா ரெண்டு பேருக்கும் ஆபத்து. பன்னிரண்டு கிலோ குறைச்சுட்டு வாங்க, கொழுப்பும் கரைஞ்சிடும்."

"பட்டினி கிடந்தாவது ஒரே மாசத்துல குறைச்சுடுறேன் டாக்டர்."

"பட்டினி கிடந்தா இருக்கிறதும் கெட்டுடும். வாரத்துக்கு ஒரு கிலோ. பன்னிரண்டு வாரம். அளவாச் சாப்பிடணும், தினம் நடக்கணும். குறுக்கு வழியெல்லாம் கிடையாது."

"அதுவரைக்கும் அக்கா...?"

"தாங்குவாங்கன்னுதான் நினைக்கிறேன்" என்றார் டாக்டர், ஸ்கேனை உறைக்குள் போட்டுக்கொண்டே.

ஆஸ்பத்திரியில் சாப்பாட்டுக் கணக்குச் சொல்ல ஒரு அம்மா இருந்தாள். டயட்டம்மா என்று அவன் பெயர் வைத்தான். ஒடிசலான உடம்பு, அதட்டுகிற குரல். ஒவ்வொரு திங்கட்கிழமையும் அவள் முன்னால் எடை மெஷினில் ஏறி நிற்க வேண்டும். தட்டில் பாதிக்குக் காய்கறி, கால்வாசிக்குப் பருப்போ முட்டையோ மீனோ, மீதிக் கால்வாசிக்குத்தான் சோறு. சர்க்கரை கிடையாது, எண்ணெயில் பொரித்தது கிடையாது. காலையில் முக்கால் மணி நேரம், சாயங்காலம் முக்கால் மணி நேரம் விறுவிறு நடை. நொறுக்குத் தீனி டப்பாவை முதல் நாளே அவன் மனைவி பிடுங்கி வைத்துக்கொண்டாள். அதில் வெள்ளரிக்காயை நறுக்கி அனுப்பினாள். "என்ன அண்ணே, மாடு மேய வந்த மாதிரி இருக்கு?" என்று டிரைவர்கள் கேட்டார்கள். எரிச்சலாக வந்தது. ஆனாலும் மென்றான்.

முதல் வாரம் முழங்கால் வீங்கியது. இரண்டாம் வாரம் பசியில் கோபம் வந்து சீட்டுப் புத்தகத்தைத் தூக்கி எறிந்தான். ஆனால் எடை இறங்கியது. டயட்டம்மாவின் மெஷினைத் தவிர அவனுக்கென்று ஒரு கள்ளக் கணக்கும் இருந்தது. லாரி வராத நேரத்தில் எடைமேடையில் தான் போய் நின்று, கூண்டுக்கு வெளியே இருக்கிற சிவப்பு எண்ணைப் பார்ப்பான். லாரி நிறுக்கிற மேடைக்குப் பத்துப் பத்துக் கிலோவாகத்தான் எண் மாறும். ஆரம்பத்தில் அவனை நூறு என்று காட்டியது. இரண்டாம் வாரக் கடைசியில் ஒரு நாள் தொண்ணூறு என்று மாறியது. அது எண்பதாக மாறுகிற அன்று அக்காவைக் காப்பாற்றியாகிவிட்டது என்று மனதுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நடையை முடித்துக்கொண்டு அக்கா வீட்டு மாடி ஏறுவான். அவள் டேப்பை எடுத்து அவன் இடுப்பைச் சுற்றிப் பிடிப்பாள். "நாற்பத்தொண்ணரைடா தடியா!" என்று சொல்லி, அளவு நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொள்வாள். பேண்டை வாங்கி அரை இன்ச் பிடித்துத் தைத்துக் கொடுப்பாள். அவளுக்கோ வயிற்றில் நீர் கோத்துக்கொண்டே வந்தது. தம்பியின் பேண்டைப் பிடித்துத் தைத்த கையாலேயே தன்னுடைய சட்டையைப் பிரித்துப் பெரிதாக்கிக்கொண்டாள். ஐந்து வாரத்தில் அவன் ஐந்து கிலோ இறங்கித் தொண்ணூற்றொன்றுக்கு வந்தான். இடுப்பு நாற்பது.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. கெடுத்தது பாசம்தான், வேறென்ன?

ஆறாவது வாரம் ஒருநாள் அவன் வேர்க்க விறுவிறுக்க வந்து உட்கார்ந்தான். அக்கா அவன் முகத்தையே பார்த்தாள்.

"கன்னம் ரெண்டும் ஒட்டிப் போச்சேடா. ஒரு வாய் சாப்பிடு."

"வேண்டாம்க்கா. டயட்டம்மா தோலை உரிச்சுடுவா."

"அவ கிடக்கிறா. ரெண்டு தெரு சுத்தி நடக்கிறவனுக்கு இந்த ஒரு வாய் எந்த மூலைக்கு?" என்று தட்டைக் கொண்டுவந்துவிட்டாள். சோறு, வறுத்த கறி, மொறுமொறு என்று உருளைக்கிழங்கு. "எனக்காக ஒருத்தன் பசியோட கிடக்கிறதை உட்கார்ந்து வேடிக்கை பார்க்கச் சொல்றியா? அதுக்கு நான் போய்ச் சேர்ந்தே போகலாம்."

உலகத்தில் யார் நீட்டியிருந்தாலும் தட்டிவிட்டிருப்பான். அவள் கையை எப்படித் தட்டுவது? சாப்பிட்டான். உண்மையைச் சொன்னால், ருசித்துத்தான் சாப்பிட்டான். மறுநாளும் தட்டு வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. நடக்கிற பாதை அவள் தெரு வழியாகத்தான் போனது. ஒரு வாய் ஒரு தட்டாயிற்று. அக்கா எதிரில் உட்கார்ந்து அவன் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த நேரத்தில் மட்டும் அவள் முகத்தில் வியாதியே தெரியாது.

மூன்று வாரம் எடை அசையவில்லை. மூன்றாவது ஞாயிறு அக்கா டேப்பை இரண்டு தடவை சுற்றிப் பார்த்தாள். "மூச்சை நல்லா விடு" என்றாள். பிறகு நோட்டில் எழுதினாள். அன்றைக்கும் சாப்பாடு போட்டாள்.

மறுநாள் டயட்டம்மா வெடித்துவிட்டாள். "எங்கே திங்கிறீங்க? உண்மையைச் சொல்லுங்க. இது உங்க உடம்பு மட்டும்னா நான் வாயே திறக்க மாட்டேன். அங்கே ஒரு உயிர் காத்துக்கிட்டிருக்கு." அவன் மெஷினிலிருந்து இறங்கினான். எங்கே திங்கிறான் என்று எப்படிச் சொல்வான்?

அன்றையிலிருந்து அக்கா வீட்டு மாடி ஏறுவதை நிறுத்தினான். எடைமேடையில் ஆள் இல்லை, ராத்திரி வரை வேலை என்று போனில் புளுகினான். அவள் "சரிடா" என்று மட்டும் சொன்னாள். ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கோபம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். அதன் பிறகு அவளிடமிருந்து போனும் வரவில்லை.

ஆனாலும் அவள் தெரு வழியாகத்தான் நடந்தான். அந்த ஜன்னலையாவது பார்க்க வேண்டும் போல் இருந்தது. எதிர்ப்பக்க நடைபாதையில், நிறுத்தி வைத்த வண்டிகளுக்குப் பின்னால் பதுங்கிப் பதுங்கிப் போவான். அவள் பார்த்துக் கூப்பிட்டுவிட்டால் போச்சு. ஜன்னலில் திரை இழுத்து மூடியிருக்கும். உள்ளே விளக்கும் எரியாது. அந்த நேரத்துக்கு மெஷின் சத்தம் கேட்காமல் இருந்ததே கிடையாது. என் முகத்திலேயே முழிக்க அவளுக்கு இஷ்டமில்லை என்று நினைத்துக்கொண்டே நடப்பான்.

அத்தான்தான் போன் பண்ணினார், பதினோராவது வாரத்தில். எடுத்த எடுப்பிலேயே கத்தினார்.

"கத்திக்குப் பயமா இருந்தா ஆம்பளையா வந்து சொல்லிட்டுப் போடா. நான் வேற யாரையாவது பார்க்கிறேன். அவளை இப்படித் தவிக்க விடாதே. மாசம் ஒண்ணாகப் போகுது, எட்டிப் பார்த்தியா?"

"பயமெல்லாம் இல்லை அத்தான்... வேலை..."

"உன் வேலையைத் தூக்கி உடைப்புல போடு!" லைன் கட்டாயிற்று.

மனைவி பக்கத்திலேயே இருந்தாள். "உண்மையைச் சொல்லித் தொலைங்களேன். ஏன் இப்படிப் பேச்சு வாங்கணும்?"

"என்னன்னு சொல்றது? நீ போட்ட சோத்தாலதான் மூணு வாரம் வீணாப் போச்சுன்னு சொல்லவா? அன்னிக்கே உயிரை விட்டுடுவா அவ" என்றான். கோழைப்பட்டம் கட்டினால் கட்டட்டும். அறுத்து எடுக்கிற அன்று தெரிந்துகொள்வார்கள்.

பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தான். முக்கால் மணி நேரம் ஒரு மணி நேரம் ஆயிற்று. தொண்ணூறு, எண்பத்தொன்பது, எண்பத்தெட்டு. வாரத்துக்கு ஒன்றுதான், அதற்கு மேல் உடம்பு கொடுக்கவில்லை. பன்னிரண்டாவது வாரம் வந்தது, போனது. டாக்டர் போட்ட கெடு முடிந்தபோது அவன் எண்பத்தேழில் இருந்தான். இன்னும் மூன்று கிலோ, மூன்று வாரம்.

பதினைந்தாவது வாரம் புதன்கிழமை மத்தியானம், ஒரு ஜல்லி லாரி போனதும் மேடையில் போய் நின்றான். எண் துடித்துத் துடித்து எண்பது என்று நின்றது. இறங்கி, மறுபடி ஏறினான். எண்பது. "டேய், எண்பதுடா!" என்று அடுத்த லாரி டிரைவரைப் பார்த்துக் கத்தினான். அவன் ஒன்றும் புரியாமல் ஹாரன் அடித்தான். சீட்டுப் புத்தகத்தை அப்படியே போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். டயட்டம்மாவின் மெஷின் எண்பத்து நாலு காட்டியது. உடனே ஸ்கேன் எடுத்தார்கள்.

டாக்டர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "சுத்தமா இருக்கு. ரொம்ப நல்லா வந்திருக்கீங்க" என்றார். குரலில் சந்தோஷம் இல்லை. "உங்க அக்காவை நேத்து ராத்திரி இங்கேதான் சேர்த்தாங்க. உங்களுக்குச் சொல்லலையா? வயித்து நீர்ல கிருமி. காய்ச்சல் இறங்கினாத்தான் ஆபரேஷனை நினைச்சே பார்க்க முடியும்."

காய்ச்சல் இறங்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், குழாய்களுக்கு நடுவில், அவள் கண்ணைத் திறக்காமலேயே கிடந்தாள். அத்தான் பெஞ்சின் மறுகோடியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெள்ளிக்கிழமை விடியும்போது எல்லாம் முடிந்துவிட்டது.

சாவு வீட்டுக்கு வந்தவர்கள் அவனைப் பார்த்துவிட்டு, "ஐயோ பாவம், அக்காவை நினைச்சே உருகிப் போயிட்டான்" என்றார்கள். அவனுக்கு ஓங்கி அறைய வேண்டும் போல் இருந்தது.

பத்து நாள் கழித்து அத்தான் கூப்பிட்டு அனுப்பினார். மாடி ஏறுகிறபோது மூச்சு வாங்கவில்லை. அதுவே அவனுக்கு வெட்கமாக இருந்தது. மெஷின் மேல் உறை போட்டிருந்தது. அத்தான் ஒரு பேண்டைக் கொண்டுவந்து கொடுத்தார்.

"அலமாரியில இருந்துச்சு. உனக்குத்தான். போட்டுப் பாரு."

புதுத் துணி. பக்கத்து அறைக்குள் போய்ப் போட்டுப் பார்த்தான். இடுப்பில் ஒரு விரல் கூடுதல், ஒரு விரல் குறைச்சல் என்று எதுவும் இல்லை. அளந்து தைத்த மாதிரி நின்றது. ஏழு வாரமாக அவள் டேப்பு அவன் மேல் படவேயில்லை.

"இது எப்படி அத்தான்?"

அத்தான் அளவு நோட்டை எடுத்து நீட்டினார். "எனக்கும் இப்பத்தான் தெரிஞ்சுது. தினம் சாயங்காலம் அஞ்சரை ஆனா விளக்கை அணைச்சுட்டுத் திரைக்குப் பின்னால போய் உட்கார்ந்துடுவா. ஏன் இருட்டுல உட்கார்ந்திருக்கேன்னு கேட்டா, கண் வலிக்குதுன்னு சொல்லுவா. நான் ஒரு மடையன். உன்னை வேற கண்டபடி பேசிட்டேன்." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்குள் போனார்.

'தடியன்' என்று தலைப்புப் போட்ட பக்கம். அக்காவின் குண்டு குண்டு எழுத்து. நாற்பத்திரண்டு, நாற்பத்தொண்ணரை, அப்படியே நாற்பது வரைக்கும். அதற்கப்புறம் மறுபடி நாற்பது, மறுபடி நாற்பது, மறுபடி நாற்பது. அதற்கும் கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே 'கண் அளவு' என்று எழுதி, ஞாயிறு தவறாமல் தேதி: முப்பத்தொன்பதரை, முப்பத்தொன்பது, முப்பத்தெட்டரை. வர வர எழுத்து கோணிக்கொண்டே போனது. கடைசி வரி அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அதே வாரம். முப்பத்தேழு. பக்கத்தில், தைத்து முடித்ததற்கு அவள் போடுகிற டிக்.

அவன் விரல் தானாக மேலே போய் அந்த மூன்று நாற்பதிலும் நின்றது. மூன்றையும் சேர்த்து ஒரு வளைவுக் கோடு போட்டு, பென்சிலால் சின்னதாக எழுதியிருந்தாள்.

'நான் போட்ட சாப்பாடு. இனிமே அவனைக் கூப்பிடக் கூடாது. வந்தா போட்டுடுவேன்.'

சமையலறையில் தட்டு வைக்கிற சத்தம் கேட்டது. "ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போடா" என்றார் அத்தான் உள்ளேயிருந்து. அவன் நோட்டின் மேல் கவிழ்ந்து, சின்னப் பையனைப் போல வாய்விட்டு அழுதான்.