விளக்கு உங்கள் பங்கு, திரை என் பங்கு

சரவிளக்கை மாட்டி முடித்ததும் ஹாஜியம்மா இன்ஷிராஹ் தன் இரு கைகளையும் தட்டி, "போடுப்பா!" என்றார். மின்வேலைக்காரர் சுவிட்சைத் தட்ட, இருபத்துநான்கு பல்புகளும் ஒரே நேரத்தில் எரிந்தன. முன்கூடமே மஞ்சளாகிவிட்டது. சுவர், புது நாற்காலிகளின் தங்கப்பூச்சு, நின்றவர்களின் முகம் எதுவும் தப்பவில்லை.

"பாத்தியா? இந்த மன்சூரா ஊர்ல எந்த மருமகளுக்கும் இப்படி ஒண்ணு தொங்கல" என்றார் ஹாஜியம்மா.

இப்திஹால் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், ஆனால் சரவிளக்கை அல்ல. அதற்குப் பின்னால் சுவரில் பாதியை அடைத்துக்கொண்டு நின்ற வடக்குப் பார்த்த ஜன்னலை. இந்த ஜன்னலுக்காகத்தான் கல்யாணத்துக்கே சம்மதித்தாள் என்று யாராவது சொன்னால் ஹாஜியம்மாவின் மகன் ஷவ்கிக்குக் கோபம் வரும். பாதி உண்மைதான். மீதிப் பாதிக்கு அவனுடைய சிரிப்பு காரணம்.

பல் செய்வது இப்திஹாலின் தொழில். ஊரிலுள்ள ஆறு பல் மருத்துவர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள். அவள் பீங்கான் மாவைத் தூரிகையால் அடுக்கடுக்காகப் பூசி, சின்ன உலையில் சுட்டு, பக்கத்துப் பல்லோடு வித்தியாசமே தெரியாத ஒரு பல்லைத் திருப்பி அனுப்புவாள். பல் வெள்ளை என்று நினைப்பவர்கள் பல்லைச் சரியாகப் பார்த்தவர்கள் இல்லை. ஈறோரம் கொஞ்சம் மஞ்சள், நடுவில் கொஞ்சம் சாம்பல், நுனியில் இருக்கிறதா இல்லையா என்கிற மாதிரி ஒரு நீலம். இதெல்லாம் பல்பு வெளிச்சத்தில் பிடிபடாது, நேர் வெயிலிலும் பிடிபடாது. வடக்கு ஜன்னலின் அடங்கிய வெளிச்சம் வேண்டும். காலையிலிருந்து பிற்பகல் அஸர் தொழுகை வரை அது நிறம் மாறாமல் நிற்கும். இப்போதிருக்கும் வாடகைப் பட்டறையை இடிக்கப் போகிறார்கள், மாதக் கடைசிக்குள் காலி செய்தாக வேண்டும். அதற்குப் பிறகு இந்த ஜன்னல் ஒன்றுதான் அவளுடைய பிழைப்பு.

எட்டு மாதத்துக்கு முன்னால், இந்த மூன்றாம் மாடி வீட்டுக்குக் கதவுகூட வைக்காத நாளில், ஷவ்கி அவளைக் கூட்டிவந்து காட்டியிருந்தான். அவள் நேராக இங்கே வந்து நின்று, "இந்த ஜன்னலடியில என் மேசை வரும். இதுக்குச் சரின்னா மத்த எல்லாத்துக்கும் சரி" என்றாள். அவன், "என் ரெண்டு கண்ணு மேல சத்தியம்" என்றான்.

இப்போது ஹாஜியம்மா ஒவ்வோர் அறையாகக் கைநீட்டிக்கொண்டிருந்தார். "படுக்கையறைக்கு ரோஜாக் கலர் விளக்கு. சமையலறைக்கு டியூப்லைட். ஒன் பல்லு வேலைக்கு அந்தக் கடைசி ரூம். அங்க ரெண்டு டியூப்லைட்டாப் போடச் சொல்லிட்டேன். தாராளமா வேலை பாரு."

கடைசி அறையின் ஜன்னல் கட்டடத்தின் நடுக்குழிக்குள் திறக்கும். கையை நீட்டினால் எதிர்ச்சுவர். கீழ்வீடுகளில் முலூகியாக் கீரைக்குப் பூண்டு தாளிக்கிற வாசம் தவறாமல் மேலே வரும். வெளிச்சம் மட்டும் வராது.

"ஹாஜியம்மா, என் மேசை இந்த ஜன்னலடியிலதான வருது? ஷவ்கி சொல்லலையா?"

ஹாஜியம்மா வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தார். சிரிக்கும்போதெல்லாம் அப்படித்தான். "முன்கூடத்துல பல்லா? விருந்தாளி காபி குடிக்கறப்ப எவனோ ஒருத்தனோட கடவாப்பல்லு எதிர்ல உக்காந்து பாக்குமா? நல்லா இருக்கு போ!"

ஷவ்கி சுவிட்சை ஏதோ புதுக் கண்டுபிடிப்பைப் போல ஆராய்ந்துகொண்டிருந்தான்.

படியிறங்கும்போது இப்திஹால் அவனைப் பிடித்துக்கொண்டாள். "ஏன் சொல்லல?"

"சமயம் பாத்துச் சொல்றேன்."

"எட்டு மாசமா சமயம் வரலையா? வாயில என்ன கொழுக்கட்டையா?"

"வாப்பா போனப்புறம் ஒத்தையா நின்னு எங்கள வளத்தவங்க அவங்க. அப்ப வந்த விருந்தாளிய உக்கார வைக்க நல்ல நாற்காலி ஒண்ணு இல்ல எங்க வீட்டுல. அந்த முன்கூடம் அவங்க கனவு, இப்திஹால்."

"ஒங்கம்மாவ நான் கெட்டவங்கன்னு சொன்னேனா? அவங்ககிட்டச் சொல்லுன்னுதான் சொல்றேன்."

அவன் எல்லாவற்றுக்கும் மண்டையை ஆட்டினான். மண்டையை ஆட்டுவதில் அவனை மிஞ்ச ஆளில்லை.

அவள் அத்தனை கவலைப்படவில்லை. இரண்டு குடும்பத்திலும் ஒரு வழக்கம் உண்டு. விளக்கெல்லாம் மாப்பிள்ளை வீட்டுப் பங்கு, திரையெல்லாம் பெண் வீட்டுப் பங்கு. பெண் வீட்டார் விளக்கில் மூக்கை நுழைக்கக் கூடாது. மாப்பிள்ளை வீட்டார் திரையை வாங்கினால் பெண்ணுக்கு நாதியில்லை என்று அர்த்தம். சரவிளக்கு தொங்கட்டும், அது கூரையில் இருக்கிறது. ஜன்னலில் என்ன தொங்குவது என்று நான்தான் சொல்லுவேன் என்று அவள் நினைத்தாள்.

அடுத்த வாரம் அவளும் அவள் அம்மா சமீஹாவும் திரைக்கடைக்குக் கிளம்பியபோது, "சும்மா கூட வர்றேன்" என்று ஹாஜியம்மாவும் ஏறிக்கொண்டார். கடைக்காரர் உஸ்தா வகீஹ் மூவருக்கும் தேநீர் வரவழைத்துவிட்டு, பெரிய ஆள் யார் என்று ஒரு நொடியில் கணக்குப் போட்டு, ஹாஜியம்மாவின் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"முன்கூடத்துக்கு மூணு அடுக்கு. உள்ள மெல்லிசு வலைத்துணி, நடுவுல வெளிச்சம் புகாத துணி, மேல வெல்வெட். உச்சியில குஞ்சம் வச்ச முகப்பு. என்ன சொல்றீங்க?"

"அப்படிச் சொல்லு!" என்றார் ஹாஜியம்மா.

"உஸ்தா, கல்யாணம் எனக்கு" என்றாள் இப்திஹால். வகீஹ் நாற்காலியோடு திரும்பினார். "படுக்கையறைக்கு நல்ல கனமாக் குடுங்க. கருநீலம், ஒரு பொட்டு வெளிச்சம் வரக் கூடாது. அவர் மருந்துக்கடையில ராத்திரி வேலை பாத்துட்டுப் பகல்ல தூங்கறவர். சமையலறைக்கு முட்டி வரைக்கும் பருத்தி, எண்ணெய் பட்டா துவைக்கற மாதிரி. சாப்பிடற இடத்துக்குக் கோதுமை நிறம், அங்க சாயங்காலம் மேற்கு வெயில் வரும், சாப்பாடு அழகாத் தெரியும். கடைசி ரூமுக்கு மூங்கில் தட்டி போதும்."

"முன்கூடத்துக்கு?"

"வெறும் வெள்ளைப் பருத்தி. மெல்லிசா, ஒத்தை அடுக்கு. ரெண்டு ஓரத்துக்கும் முழுசாத் தள்ளற மாதிரி. பாலாடை நிறம் வேணாம், தந்த நிறம் வேணாம். வெள்ளை."

வகீஹுக்குத் தேநீர் புரையேறியது. "முன்கூடத்துக்கு ஒத்தைத் துணியா? புருவம் இல்லாத மணப்பொண்ணு மாதிரி இருக்குமே அம்மணி!"

"எதிர்வீட்டுக்காரன் உள்ள பாப்பான்!" என்றார் ஹாஜியம்மா.

"பாக்கட்டும். நான் வேலை செய்யறதப் பாப்பான்."

"அதான் இருபத்துநாலு பல்பு எரியுதே பொண்ணே! அந்த வெளிச்சம் பத்தாதா?"

இப்திஹால் வகீஹின் பக்கம் திரும்பி, "கருஞ்சிவப்பு வெல்வெட்ட எங்க வச்சுக் காட்டுவீங்க?" என்று கேட்டாள்.

"வாசல்ல வச்சுத்தான். கடை விளக்குல எல்லாச் சிவப்பும் ஒண்ணுதான். அசல் கலர் வாசல்லதான் தெரியும்" என்றவர், என்ன சொல்லிவிட்டோம் என்று உறைத்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"துணிக்கே வாசல் வேணும்னா பல்லுக்கு வேணாமா? விளக்கடியில உக்காந்து செஞ்சா, விளக்கடியில அழகா இருக்கும். வெளிய வந்து சிரிச்சா ஊருக்கே தெரியும், இது கட்டுன பல்லுன்னு."

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தத்தான் செய்தாள். ஆனால் சொல்லி முடித்த வாயோடு அவள் கண் ஹாஜியம்மாவின் முன்பல்லில் போய் விழுந்து, சட்டென்று விலகியது. என்றோ எவரோ இருட்டறையில் செய்த பல். பக்கத்துப் பற்களெல்லாம் மஞ்சளோடியிருக்க, அது மட்டும் சுண்ணாம்பாக நின்றது. தொழில் பழக்கம், கண் தானாகப் போய்விட்டது. ஹாஜியம்மா அதைக் கவனித்துவிட்டார். கை மெல்ல உயர்ந்து வாயை மூடியது. இந்த முறை சிரிப்பில்லை.

தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு முதல் ஆளாக எழுந்து வெளியே போனார். இப்திஹால் தான் ஜெயித்துவிட்டதாக நினைத்தாள். இத்தனை கெட்டிக்காரப் பெண் அந்த ஓர் இடத்தில் மக்குதான்.

கல்யாணத்துக்கு முன்னால் பெண் வீட்டுச் சாமான் ஏற்றும் நாள் வந்தது. மூன்று வண்டிகளில் கட்டில், அலமாரி, பாத்திரம், மெத்தை எல்லாம் தெருத்தெருவாகச் சுற்றி வர, முன்னால் மத்தளமும் நாயனமும் முழங்க, பெண்கள் குலவையிட, மணப்பெண்ணின் சீர் புதுவீட்டு வாசலில் வந்து நின்றது. கடைசி வண்டியில் அவளுடைய மேசையும் உலையும். பாதிச் சாமான் மேலே போயிருந்தபோது, வெள்ளைத் திரையைக் கையில் எடுத்துக்கொண்டு இப்திஹால் படியேறினாள்.

முன்கூடத்தில் பட்டப்பகலில் இருட்டு. சரவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. வடக்கு ஜன்னலைக் காணோம். அந்த இடத்தில் கூரையிலிருந்து தரை வரை கருஞ்சிவப்பு வெல்வெட், மூன்று அடுக்கு, உச்சியில் குஞ்சம். சுற்றி மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் பத்துப்பேர் அதைத் தடவிப் பார்த்து மாஷா அல்லாஹ் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"என்னோட அன்பளிப்பு" என்றார் ஹாஜியம்மா. "அன்பளிப்ப யாராவது வேணாம்பாங்களா?"

இப்திஹாலுக்கு உடம்பெல்லாம் கொதித்தது. "திரை என் வீட்டுப் பங்கு, ஹாஜியம்மா."

"ஜன்னல் என் மகன் வீட்டு ஜன்னல்."

கம்பளச் சுருளைத் தோளில் சுமந்தபடி ஷவ்கி வாசலில் வந்து நின்றான். முகத்தில் ஈயாடவில்லை.

"சொல்லு ஷவ்கி" என்றாள் இப்திஹால். "இப்ப சொல்லு."

அவன் அம்மாவைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், சரவிளக்கைப் பார்த்தான். "இன்னைக்கு ஒரு நாள் இருக்கட்டும். ஊரு கூடியிருக்கு. அப்புறமாப் பேசி..."

அவள் மிச்சத்தைக் கேட்கவில்லை. பால்கனிக்குப் போய்க் கீழே குனிந்து, "மேசைய இறக்காதீங்க! மேல வந்த சாமானெல்லாம் திரும்பக் கீழ வருது!" என்று கத்தினாள்.

முதலில் யாரும் நம்பவில்லை. அவளே ஒரு தலையணை மூட்டையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கியதும் நம்பினார்கள். "மகளே, கல்யாணத்துக்கு நாலு நாள்தான் இருக்கு, நாலு பேரு என்ன பேசுவாங்க?" என்று சமீஹா ஒரு மாடி முழுக்கக் கெஞ்சிக்கொண்டே வந்தார். இரண்டாம் மாடித் திருப்பத்தில் மகளின் முகத்தைப் பார்த்தார். கெஞ்சலை நிறுத்திவிட்டுத் திரும்பி மேலே ஏறி, கருநீலத் திரை மூட்டையைத் தானே தூக்கி வந்தார். கீழே மத்தளக்காரர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சாமான் எந்தப் பக்கம் போனால் என்ன, போகிறதல்லவா என்று இன்னும் பலமாக அடித்தார்கள்.

கட்டிலின் தலைப்பலகை வண்டியில் ஏறும்போது ஷவ்கி மூச்சிரைக்க ஓடிவந்தான். "இப்திஹால், நில்லு. அந்த ஜன்னல் ஒனக்குத்தான். நான்தான் சொல்றேன்ல!"

"அது எனக்கு எட்டு மாசமாத் தெரியும். தெரியாதவங்க மேல நிக்கிறாங்க."

அவன் நிமிர்ந்து பார்த்தான். மூன்றாம் மாடிப் பால்கனியில் ஹாஜியம்மா. பக்கத்துப் பால்கனிகளிலெல்லாம் தெருவே நின்றது. அவன் மத்தளக்காரரைப் பார்த்துக் கையை உயர்த்தினான். மத்தளம் நின்றது.

"உம்மா!" குரல் உடைந்து வந்தது. மறுபடியும் கத்தினான். "உம்மா! முன்கூடத்து ஜன்னலடியில இப்திஹால் மேசைதான் வரும்! எட்டு மாசம் முன்னாடியே வாக்குக் குடுத்துட்டேன்! பயந்துக்கிட்டு ஒங்ககிட்டச் சொல்லல!"

"பயமா? என்கிட்டயா?" ஹாஜியம்மாவின் குரல் தெருவின் இரண்டு முனைக்கும் கேட்டது. "அத இப்படி நடுத்தெருவுல நின்னா சொல்றது?"

"வீட்டுக்குள்ள வாய் வரல உம்மா!"

எதிர்ப் பால்கனியில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஹாஜியம்மா அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். சிரிப்பு நின்றது. பிறகு இப்திஹாலைப் பார்த்தார்.

"அப்ப என் சரவிளக்கு?"

"அது உங்க பங்கு ஹாஜியம்மா. நான் கை வைக்கமாட்டேன். என் பங்குல நீங்களும் கை வைக்காதீங்க." கொஞ்சம் நிறுத்தி, அதே சத்தத்தில், "அன்னைக்குக் கடையில நான் பாத்தது தப்பு. அதுக்கு மன்னிச்சுக்குங்க. ஜன்னலுக்கு மன்னிப்புக் கேக்கமாட்டேன்" என்றாள்.

ஹாஜியம்மா உள்ளே போய்விட்டார். தெரு காத்திருந்தது. ஷவ்கி வியர்வையைத் துடைத்துக்கொண்டான். ஓட்டுநர், வண்டியை எடுக்கவா அணைக்கவா என்று கண்ணாலேயே கேட்டார். இப்திஹால் கதவைப் பிடித்தபடி நின்றாள். போகத் தயார்தான்.

மேலே ஏதோ கிழிகிற சத்தம். பிறகு பால்கனிக் கம்பியைத் தாண்டிக் கருஞ்சிவப்பு வெல்வெட், குஞ்சம் முகப்போடு, மூன்று மாடி உயரத்திலிருந்து புரண்டு வந்து மத்தளக்காரரின் தலைமேல் விழுந்து அவரை மூடியது.

"அவளுக்கு வேணாம்னா எனக்கும் வேணாம்!" என்று மேலிருந்து குரல் வந்தது. "சாமான் ஏறட்டும்! வெயில்ல நிக்குது!"

மத்தளக்காரர் வெல்வெட்டுக்குள்ளிருந்தே அடிக்கத் தொடங்கினார். பெண்கள் குலவையிட்டார்கள். சுமைகாரர்கள் தலைப்பலகையில் கைவைத்தார்கள்.

"அத விடுங்க. மேசை முதல்ல" என்றாள் இப்திஹால்.

மூத்த சுமைகாரர் தயங்கினார். "கட்டில்தானம்மா முதல்ல ஏறணும்? அதுதான வழக்கம்."

"வழக்கம் எனக்கும் தெரியும்ணே. மேசை முதல்ல."