கதவு மூடுகிற சத்தம்

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை. மூக்குக் கண்ணாடிக் கடையில் என் புது லென்ஸைச் சட்டத்துக்குள் பொருத்தியபடியே ஒரு பெண் சொன்னது. அங்கே வாயைப் பிளந்து கேட்டேன். வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தால் முதல் வரியே மக்கர் பண்ணுகிறது.

“மருத்துவமனையின் நீண்ட தாழ்வாரத்தில் அவள்…” (வேண்டாம். இதற்குள் வாசகர் கைக்குட்டையைத் தேட ஆரம்பித்துவிடுவார்.)

“பல நாட்டுக் கொடிகள் பறந்த அந்தப் பள்ளி வாசலில்…” (கொடியை யார் பார்த்தார்கள்? அவள் பார்க்கவில்லை.)

போகட்டும். நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

2

கடையில் கதை சொன்ன அந்தப் பெண்ணின் கணவருக்கு இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடவில்லை. அறுவை செய்து மாற்றியே ஆகவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மனிதர் பிடி கொடுக்கவில்லை. ஆண்டுக் கணக்கு முடியட்டும், வெயில் தணியட்டும் என்று ஏதாவது ஒரு சாக்கு.

(அவரைக் குழாய் ரிப்பேர் செய்பவராக ஆக்கிவிடலாமா என்று ஒரு சபலம். கதை கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் அவர் கணக்கர். வீட்டில் குழாய் ஒழுகினால் ஆளைக் கூப்பிடுகிறவர்.)

ஏழாம் வகுப்பில் படிக்கும் மகளிடம் மூச்சுவிடக் கூடாது என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள்.

மகள் படிப்பது பல நாட்டுப் பிள்ளைகள் படிக்கும் பள்ளி. அங்கே பாதிப் பாடம் கையால்தான். பிள்ளைகளே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, அதற்கு வேண்டியதைத் தேடிக் கொண்டுவந்து, பிரித்துப் பார்ப்பார்கள். அப்படிப் பிரிக்கிற நாளில் வீட்டிலிருந்து ஒருவர் வந்து மாணவராக உட்காரலாம். மகள் அப்பாவைக் கூப்பிட்டாள். அவர் ஆபீஸைக் காட்டி நழுவினார். அம்மா கடையில் லீவு சொல்லிவிட்டுப் போனாள்.

3

மேசைமேல் எஃகுத் தட்டு. தட்டில் ஒரு மாட்டு இதயம்.

அம்மாவின் கால் தானாக வாசல் பக்கம் திரும்பியது. மகள் கையுறையை நீட்டினாள்.

“போட்டுக்கோம்மா. பிடிச்சுக்க ஆள் வேணும்.”

பிடித்தாள். எதிர்பார்த்ததைவிடக் கனம். மேலே தடித்த குழாய் ஒன்று வாய் திறந்திருந்தது. மகள் ‘நெட்டை’ என்று செல்லமாகக் கூப்பிடும் ஒரு பையன் குவளையிலிருந்து அதில் தண்ணீர் ஊற்றினான். நேரே உள்ளே இறங்கிவிடும் என்று நினைத்தாள். இறங்கவில்லை. அடியில் வெங்காயச் சருகு போன்ற மூன்று மெல்லிய மடல்கள் உப்பின; ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. தண்ணீர் நின்றது. அதில் கூரை விளக்கு தெரிந்தது.

தினமும் கண்ணாடியை மயிரிழை பிசகாமல் பொருத்துகிறவள் அவள். இப்படி ஒரு பொருத்தத்தை இதுவரை பார்த்ததில்லை.

“யாரும் மூடல பாரும்மா. தண்ணியோட கனத்துலயே அதுவா மூடிக்குது,” என்றாள் மகள். பிறகு குரல் மாறாமல், “அப்பாவுக்குப் பழுதானது இதுதானே?”

அந்த அறையில் தமிழ் தெரிந்தவர்கள் அம்மாவும் மகளும் மட்டுமே.

“யாருடி சொன்னது உனக்கு?”

“நீங்க ரெண்டு பேரும் கதவைச் சாத்திக்கிட்டுத்தான் பேசறீங்க. ஆனா டாக்டர்கிட்ட அப்பா ஸ்பீக்கர் போட்டுல்ல கத்தறாரு?”

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. இந்தக் கேள்வியை எடுத்தவளே மகள்தான். அப்பா வந்து பார்க்கட்டும் என்றுதான் எடுத்திருக்கிறாள். மேசையைச் சுற்றி நின்ற பிள்ளைகள் எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. ஒருவரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. நெட்டை மட்டும் சத்தமில்லாமல் ஒரு நாற்காலியை அவள் பின்னால் நகர்த்தி வைத்தான்.

4

இந்த இடத்தில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. ஏழாம் வகுப்புப் பெண் இவ்வளவு செய்வாளா? அதை விடுங்கள், செத்த சதை தண்ணீரைத் தாங்குமா? எழுதுவதை நிறுத்திவிட்டு இறைச்சிக் கடைக்குப் போய் ஒரு மாட்டு இதயம் கேட்டேன்.

“துண்டு போடவா?”

“வேண்டாங்க. மேல இருக்கற குழாயோட முழுசாக் குடுங்க.”

“முழுசா எப்படிங்க சமைப்பீங்க?”

“பாக்கத்தான்.”

கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கட்டிக் கொடுத்தார்.

சமையலறைத் தொட்டியில் வைத்து ஊற்றினேன். மூன்று மடல்களும் கைகோத்தன. தண்ணீர் நின்றது. ஊற்றுவதும் கவிழ்ப்பதுமாக எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. நான் பிறப்பதற்கு முன்பே என் நெஞ்சுக்குள் தொடங்கிய வேலை, ஒரு தடவைகூட என்னைக் கேட்காமல் நடந்துகொண்டிருக்கும் வேலை, இது. கதை சொன்னவளைச் சந்தேகப்பட எனக்கு என்ன யோக்கியதை?

5

அம்மா பள்ளிக்குப் போய்வந்த அன்று சாயங்காலம் மகள் அப்பாவின் நெஞ்சில் காதை வைத்தாள்.

“இது துடிக்கற சத்தம் இல்லப்பா. கதவு மூடற சத்தம்.”

அவர் மனைவியைப் பார்த்தார். ‘இவளுக்கு எல்லாம் தெரியும்’ என்பதுபோல் அவள் தலையாட்டினாள்.

“என்னோடது எப்படிக் கேக்குது?”

“முதல் கதவு நல்லா மூடுது. ரெண்டாவது மூடினதும் உஸ்ஸுங்குது.”

அவர் மகளின் தலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். “பயமா இருக்குடா,” என்றார் கடைசியில். மனைவியிடம்கூட அதுவரை சொல்லாத வார்த்தை.

“எனக்குந்தாம்ப்பா.”

மறுநாள் அவரே டாக்டரைக் கூப்பிட்டு நாள் குறித்தார்.

6

அறுவை நாளன்று நெட்டையின் அப்பா கார் ஓட்டி வந்தார். வகுப்பில் பாதிப் பேர் காத்திருக்கும் அறைக்கு வந்துவிட்டார்கள். யாரோ ரொட்டி கொண்டுவந்தார்கள், யாரோ போர்வை. நேரம் நகரவே இல்லை. நெட்டை மகளிடம் ஏதோ கிசுகிசுத்தான்.

“என்னடி சொல்றான்?”

“அப்பாவோட பழைய வால்வை நம்ம வகுப்புக்குத் தருவாங்களான்னு கேக்கறான்மா.”

அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. எத்தனையோ வாரத்துக்குப் பிறகு, வயிறு வலிக்க, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அவள் சிரித்துக்கொண்டிருக்கும்போதே அறுவை அறையிலிருந்து பச்சை உடுப்பில் ஒருவர் வெளியே வந்து…

(அதற்குமேல் நடந்ததும் எனக்குத் தெரியும். மூன்று விதமாக எழுதினேன். உண்மையாக நடந்ததும் அதில் ஒன்று. மூன்றையும் அடித்துவிட்டேன். உங்களுக்குப் பிடித்தபடி முடித்துக்கொள்ளுங்கள். அவசரம் ஒன்றுமில்லை. அவள் இன்னும் கொஞ்சம் சிரிக்கட்டும்.)