நாய்க்குச் செய்த துப்பாக்கி

தம்பலகாமத்தில் மருத்துவிச்சி கமலேஸ்வரிக்கு எல்லாரும் மரியாதை கொடுத்தார்கள், அரிசி ஆலைக்காரர் தங்கத்துரையின் நாயைத் தவிர. அவள் சைக்கிள் அந்த வளவை நெருங்கியதும் நாய் வேலிக்கடியால் புகுந்து வந்து குதிக்காலைக் குறிவைக்கும். இரண்டு சேலைகளின் கரை கிழிந்துவிட்டது. தங்கத்துரையிடம் சொன்னால், "அது விளையாடுது மிஸ்ஸி" என்பார்.

1961ஆம் ஆண்டு, திருகோணமலையில் இருந்த தன் வீட்டுப் பரணைத் துப்புரவாக்கும்போது கமலேஸ்வரிக்கு ஒரு தோல் பை அகப்பட்டது. காலஞ்சென்ற அவள் தகப்பன் கடற்படைத் தளத்தில் தச்சராக இருந்தவர். ஆங்கிலேயர் தளத்தை ஒப்படைத்துவிட்டுப் போனபோது ஓர் அதிகாரி தன் வீட்டுப் பழைய சைக்கிள் சாமான்களை அந்தப் பையில் போட்டு அவருக்குக் கொடுத்திருந்தார். உள்ளே ஒரு விளக்கும் காற்றுப் பம்பும் இருந்தன. அடியில், துணியில் சுற்றி, உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு துப்பாக்கி.

அவள் அதை நேரே ஸுஹைரின் கடைக்குக் கொண்டுபோனாள். ஸுஹைர் கிண்ணியாக்காரர். வயல்காரர் பன்றி சுடும் துவக்குகளைத் திருத்திக் கொடுப்பவர்.

"நானா, இது விளையாட்டுச் சாமானா?"

"உண்மையானதுதான். லைசென்ஸ் இல்லாம வீட்டில வைச்சிருக்க ஏலாது மிஸ்ஸி. இண்டைக்கே பொலிசுக்கு அறிவிப்பம்."

சொல்லிவிட்டு அவர் அதிலிருந்த ஐந்து தோட்டாக்களையும் கவனமாக வெளியே எடுத்தார். பிறகு துப்பாக்கியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தோட்டாவில அடிக்கிற குதிரை வெளியில தெரியேல்ல, பாத்தீங்களா? உள்ளுக்க மறைச்சு வைச்சிருக்கிறான். நீட்டிக்கொண்டு நிண்டால் சட்டைப் பையில கொழுவும். இஞ்ச, விசையும் மடியுது."

"இவ்வளவு மினக்கெட்டு ஆருக்குச் செய்தவங்கள்?"

ஸுஹைர் அலுமாரியிலிருந்து ஒரு பழைய விலைப்பட்டியலை எடுத்துப் பக்கங்களைப் புரட்டினார். ஒரு படத்தில் விரல் நின்றது. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சைக்கிள்காரருக்கு. அறுபது எழுபது வருசத்துக்கு முந்தி பிரான்சிலயும் பெல்ஜியத்திலயும் சைக்கிள் புதுசு. கண்டவுடன நாயெல்லாம் துரத்தும். அதுக்குத்தான் இது."

கமலேஸ்வரி கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். "நாய்க்கா?"

"ஓம். அதுக்கும் முந்தி ஆக்கள் பையில வைச்சுத் திரிஞ்சது ஒற்றை வெடித் துப்பாக்கி. குழலைத் திருகிக் கழட்டி மருந்தும் குண்டும் போடவேணும். அதுக்கிடையில நாய் கடிச்சிட்டு வீட்ட போயிடும்."

தோட்டா ஒன்றின் நுனியில் ஈயம் இல்லை, மெழுகு இருந்தது. அவர் அதைக் கத்தியால் சுரண்டினார். மங்கிய சிவப்பில் ஏதோ தூள் கொட்டியது. மூக்கருகே கொண்டுபோனவர் ஏழு தடவை தும்மினார். நம்பாமல் முகர்ந்து பார்த்த கமலேஸ்வரியும் தும்மத் தொடங்கினாள். துவக்கோடு வந்த கந்தளாய்க் கமக்காரர் ஒருவர், இருவரும் தும்மி முடியட்டும் என்று வாசலிலேயே காத்து நின்றார்.

"மிளகாய்த் தூள்," என்றார் ஸுஹைர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நாயைக் கொல்ல மனமில்லாத ஆக்களுக்கு இப்பிடியும் வித்தவங்கள்."

"எனக்கு அது காணும் நானா, கொல்லத் தேவையில்லை. லைசென்ஸுக்கு எழுதுவம்."

பொலிஸார் பதிவு செய்துகொண்டு, முடிவு வரும்வரை துப்பாக்கி கடையிலேயே இருக்கட்டும் என்றார்கள். விண்ணப்பத்தில் 'தேவைக்கான காரணம்' என்ற இடத்தில் கமலேஸ்வரி 'தங்கத்துரையின் நாய்' என்று எழுதினாள்.

"சிரிப்பினம் மிஸ்ஸி."

"சிரிக்கட்டும். பொய் எழுத எனக்கு ஏலாது."

திருகோணமலைக் கச்சேரி அலுவலகத்தில் அந்தத் தாள் மேசை மேசையாகப் போனது. கடைசியில் அதிகாரி அவளைக் கூப்பிட்டார்.

"எத்தனை நாய்?"

"ஒண்டுதான் சேர்."

"கடிச்சதா?"

"சேலையைத்தான்."

அதிகாரி முகத்தைக் கடுமையாக வைத்திருக்கப் பெரும்பாடு பட்டார். "ஒரு நாய்க்கு ஐஞ்சு வெடி கூடிப்போச்சு. தர ஏலாது."

அங்கே வேலை பார்த்த தம்பலகாமத்துக் கிளாக்கர் ஒருவர் அன்று பின்னேர பஸ்ஸில் இந்தக் கதையைச் சொன்னார். பஸ் ஊர் போய்ச் சேருவதற்குள் அந்தக் கதையில் மிஸ்ஸிக்கு லைசென்ஸ் கிடைத்திருந்தது. கதை அரிசி ஆலைக்கு வந்தபோது அவள் குறி பார்த்துச் சுடவும் பழகியிருந்தாள்.

மறுநாள் காலை, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவள் அந்த வளவை நெருங்கினாள். நாய் மாமரத்தில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தது. தங்கத்துரை வீதிக்கே வந்து நின்றார். வியர்வையைத் துடைக்க லேஞ்சி எடுப்பதற்காகக் கமலேஸ்வரி பைக்குள் கையை விட்டாள்.

"மிஸ்ஸி, கையை எடுங்கோ. அது வாயில்லாச் சீவன். இனி எப்பவும் கட்டித்தான் வைப்பன்."

உண்மையைச் சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள். நாயைப் பார்த்தாள், சேலைக் கரையைப் பார்த்தாள்.

"நல்லது, அப்பிடியே செய்யுங்கோ," என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை மிதித்தாள். மதகு தாண்டும்வரை சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு முடியவில்லை.

துப்பாக்கி அவளுக்குத் தேவைப்படவில்லை. பொலிஸாரின் அனுமதியோடு ஸுஹைர் அதன் உள்ளுறுப்பைக் கழற்றிவிட்டு, கடைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார். இரண்டு கிழமைக்குப் பின் அவள் அதைப் பார்க்கப் போனபோது கடையில் இரண்டு தபால்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"இப்பிடி வேற ஒண்டு இருக்கா எண்டு கேக்கினம் மிஸ்ஸி," என்றார் ஸுஹைர்.

"நீங்க என்ன சொன்னனீங்கள்?"

"துப்பாக்கி இல்லை, விண்ணப்பம் எழுதித் தாறன் எண்டனான். அதுவே காணுமாம்."