நீல டிக் விழுந்த பிறகு

பாரிஸ் போகிறேன் என்று காரைக்காலில் சொன்னால் எதற்கு என்று கேட்பார்கள். பென்ஷன் வேலை என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் கேட்க மாட்டார்கள். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள வீடுகளுக்கு அங்கே எப்போதும் ஏதாவது ஒரு பென்ஷன் வேலை இருக்கும் என்று ஊர் நம்புகிறது. தருமபுரத்தில் எதிர் வீட்டுக்காரியிலிருந்து கோயிலில் பங்குச் சாமியார் வரை எல்லோருக்கும் அதையே சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். சென்னையில் விமானம் ஏறியதும் பக்கத்தில் உட்கார்ந்த சந்திரலேகாவிடமும் அதே பொய்தான். அவர் நெடுங்காட்டில் பயிர் வைக்கிற குடும்பம். பாரிசில் வேலை பார்க்கும் மகனிடம் முதல்முறையாகப் போகிறார். "அப்படிங்களா" என்று தலையாட்டிக்கொண்டார்.

உண்மை என்னவென்றால், என் மகள் லொரேன் அங்கே நிறைமாதமாக இருந்தாள். டாக்டர் சொன்ன நாளுக்கு இன்னும் சில வாரங்கள் இருந்தன. போன தடவை அவள் உண்டானபோது நான் தெருவெல்லாம் இனிப்புக் கொடுத்துக் கொண்டாடினேன். ஐந்தாம் மாதம் கலைந்துபோனது. பிறகு அந்த இனிப்பைத் தின்றவர்கள் ஒவ்வொருவராக வந்து விசாரிக்க, ஒவ்வொருவருக்கும் நான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. இந்த முறை வாயைத் தைத்துக்கொண்டேன்.

வளைகுடாவில் இறங்கி வேறு விமானம் பிடிக்க வேண்டும். காலை வெயில் கண்ணாடிச் சுவரெல்லாம் அடித்தது. என் கணவர் ரொபேர், போனுக்கு வெளிநாட்டு ரோமிங் எதுவும் போட்டுத் தரவில்லை. "ஏர்போர்ட்ல வைஃபை சும்மாவே கெடைக்கும் தெரேஸ்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். சும்மா கிடைப்பது எப்படிக் கிடைக்கும் என்பதை மட்டும் சொல்லவில்லை. வைஃபை இணைந்துவிட்டது என்று போன் சொன்னது. ஆனால் ஒன்றும் திறக்கவில்லை. பிறகு ஒரு பக்கம் தானாக வந்து போன் நம்பரைக் கேட்டது. கொடுத்தேன். குறியீட்டு எண்ணை அனுப்பிவிட்டோம் என்றது. என் சிம்தான் அங்கே செத்துக் கிடக்கிறதே, எங்கிருந்து வரும்? கதவைப் பூட்டி, சாவியை உள்ளேயே வைத்துவிட்டு, திறந்து வா என்கிற கதை.

அங்கே நின்ற பணிப்பெண் ஒரு பெட்டியைக் காட்டினாள். பாஸ்போர்ட்டை அதில் வைத்தால் எண் அச்சடித்த சீட்டு வருமாம். வந்தது. எண்ணைப் போட்டதும் ரொபேரின் செய்திகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன.

"லொரேன் போன எடுக்கல."

"மாப்ளையும் எடுக்கல."

"உன்கிட்ட எதுவும் பேசினாளா?"

தினமும் காலையில் ஒரு வார்த்தையாவது அனுப்புகிறவள் லொரேன். அன்றைக்கு அவளிடமிருந்து ஒன்றுமே இல்லை. அவளுக்கு எழுதினேன். ஒரே ஒரு டிக்கோடு நின்றது. மருமகன் ஃபிரெடெரிக்குக்கு எழுதினேன். இரண்டு டிக் விழுந்து, உடனே நீலமாயிற்று. படித்துவிட்டான். பதில் இல்லை. மறுபடி எழுதினேன். மறுபடி நீலம். கூப்பிட்டுப் பார்த்தால் இணைக்கிறது, இணைக்கிறது என்று காட்டிவிட்டு அறுந்துபோனது.

"இந்த ஊர்ல வாட்ஸ்அப்ல பேச வுட மாட்டாங்களாம்ங்க," என்றார் சந்திரலேகா. "எங்க அண்ணன் மவன் இந்தப் பக்கம்தான் இருக்கான். எழுதித்தான் அனுப்புவான், இல்லேன்னா பேசிப் பதிஞ்சு அனுப்புவான்."

சரி, பேசத்தான் முடியாது. எழுதலாம் அல்லவா? படிக்கத் தெரிந்தவனுக்கு எழுத என்ன கேடு? எனக்குக் கோபம் தலைக்கேறியது. "உனக்கு மனசாட்சி இருக்கா? பெத்தவ வயிறு எரியுது. பொண்ண எடுத்தவன் பதில் சொல்ற முறையா இது?" என்று தட்டி அனுப்பினேன். அதுவும் நீலமாயிற்று. அவ்வளவுதான்.

கோபம் இறங்கிய இடத்தில் பயம் வந்து உட்கார்ந்தது. போன தடவையும் இப்படித்தான், ஒரு பகல் முழுக்கச் சத்தமில்லாமல் இருந்துவிட்டுச் சாயங்காலம் அந்தச் செய்தி வந்தது. இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று சந்திரலேகாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"பென்ஷன் வேலை இல்லைங்க. என் பொண்ணு..."

"தெரியும்ங்க. பென்ஷன் வேலைக்குப் போறவங்க கைப்பையில வசம்பும் கஸ்தூரி மஞ்சளும் எதுக்குங்க? நீங்க பையத் தொறக்கும்போதெல்லாம் பச்சப்புள்ள வாசனை தூக்குது."

அந்த நிலையிலும் எனக்கு வெட்கமாக இருந்தது. எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

"எங்க பக்கம் வலி கண்டா வெளில சொல்ல மாட்டோம். நாலு பேரு காதுக்குப் போச்சுன்னா வலி நிண்டு போயிடும்பாங்க. நீங்க மாப்ளைக்கு அப்படி எதும் சொல்லி வச்சிருக்கீங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சொல்லித்தான் வைத்திருந்தேன். அதுவும் எப்படி! வீடியோவில் அவனை நேராக உட்கார வைத்து, பாடம் எடுப்பதுபோல் சொன்னேன். வலி வந்தால், தாயும் பிள்ளையும் நலம் என்று டாக்டர் சொல்கிற வரைக்கும் ஒருத்தரிடமும் மூச்சு விடக்கூடாது. "ஒருத்தர்கிட்டயுமா, அத்தை?" என்று கேட்டான். "ஒருத்தர்கிட்டயும்" என்று அடித்துச் சொன்னேன். நம் ஊரில் வளர்ந்த பையனாக இருந்தால், பெண்ணைப் பெற்ற மாமியார் இந்தக் கணக்கில் வரமாட்டாள் என்று அவனுக்கே தெரிந்திருக்கும். இவன் பாரிசில் பிறந்து வளர்ந்தவன். சொன்னதைச் சொன்னபடி செய்கிற ஜாதி.

"அப்ப வலி கண்டிருக்கும்ங்க. நல்லதையே நெனைங்க," என்றார் சந்திரலேகா. சுருக்குப் பையிலிருந்து திருநள்ளாற்று விபூதியை எடுத்தவர், என் கழுத்துச் சிலுவையைப் பார்த்துத் தயங்கினார். நானே நெற்றியைக் காட்டினேன்.

"ஃபிரெடெரிக், ஒருத்தர்கிட்டயும்னு சொன்னதுல நான் சேர்த்தி இல்லப்பா. சொல்லு," என்று எழுதினேன். நீலம் விழுந்தது. மேலே, எழுதுகிறார் என்று காட்டியது. நின்றுவிட்டது. மறுபடி எழுதுகிறார் என்றது. மறுபடி நின்றது. அதற்கு மேல் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தும் எதுவும் வரவில்லை. வைஃபை பக்கம் திரும்பி வந்து, உங்கள் இலவச நேரம் முடிந்தது, நன்றி என்றது.

நன்றியாம்! ஓடிப்போய்ப் பெட்டியில் பாஸ்போர்ட்டை வைத்தேன். இந்தப் பாஸ்போர்ட்டுக்கு ஏற்கெனவே கொடுத்தாயிற்று என்று துப்பிவிட்டது. திருப்பி வைத்தேன், அழுத்தி வைத்தேன், காரைக்கால்மேட்டு மீன் ஏலத்தில் கேட்கிற வார்த்தை ஒன்றையும் அதற்குச் சொன்னேன். மசியவில்லை. பின்னால் வந்த சந்திரலேகா என்னை மெதுவாக நகர்த்திவிட்டுத் தன் பாஸ்போர்ட்டை வைத்தார். மகனிடம் பேசுவதற்கு என்று அவர் வைத்திருந்த வாய்ப்பு அது.

"உங்க புள்ளைக்கு?"

"அவன் ஏர்போர்ட் வாசல்ல வந்து நிப்பான். எங்க போயிடப் போறான்? போடுங்க."

போட்டேன். ஒரு படம் வந்து, முதலில் மங்கலாக நின்று, சுழன்று சுழன்று தெளிந்தது. வெள்ளைத் துணிக்குள் சிவந்த முகம். மூடிய கண். ரொபேரின் மூக்கு, அப்படியே, அளவு மட்டும் சிறிதாக. கீழே ஃபிரெடெரிக் பேசிப் பதிந்த குரல்.

"அத்தை, மன்னிச்சுக்கோங்க. பொம்பளப் புள்ள. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. டாக்டர் இப்பத்தான் வந்து சொன்னாங்க."

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சந்திரலேகாவும் பக்கத்தில் உட்கார்ந்து படத்தைப் பார்த்து, "மகாலட்சுமி!" என்றார். மார்பில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கியதும் எனக்குக் கொள்ளைப் பசி எடுத்தது. படத்தை ரொபேருக்கு அனுப்பினேன். அடுத்த நொடி அவரிடமிருந்து, "மூக்கப் பாத்தியா?" என்று வந்தது.

நிம்மதி வந்ததும் கோபமும் திரும்பி வந்தது, ஆனால் இப்போது இனிப்பான கோபம். "சொன்ன சொல்லக் காப்பாத்தற லட்சணமா இது மாப்பிள்ளை?" என்று தட்ட ஆரம்பித்தேன். முடிப்பதற்குள் அவன் போனிலிருந்தே இன்னொரு குரல் வந்து விழுந்தது. காதோடு சேர்த்து வைத்துக் கேட்டேன். லொரேன். தொண்டை கட்டிப்போயிருந்தது.

"அவரத் திட்டாதம்மா. வலி ஆரம்பிச்ச உடனே உன்கிட்ட சொல்லணும்னுதான் அவர் நின்னாரு. நான்தான் என் போன அணைச்சுட்டு, அவர் போனப் புடுங்கி வச்சுக்கிட்டேன். நீ எழுதினதெல்லாம் நான்தான் படிச்சேன். ஒவ்வொரு வலிக்கும் நடுவுல படிச்சேன். மனசாட்சி இருக்கான்னு நீ அவரக் கேட்டதப் பாத்துச் சிரிச்சேன்மா, நர்ஸ் பயந்துட்டாங்க. ரெண்டு தடவ எழுதக்கூட ஆரம்பிச்சேன். முடியல."

பின்னால் குழந்தை சிணுங்குகிற சத்தம் கேட்டது.

"போன தடவ நீ போன்ல அழுதியே. எனக்கு மத்ததெல்லாம் மறந்துபோச்சு, அது மட்டும் போகல. இந்தத் தடவையும் ஏதாவது ஆகி, அந்த அழுகைய இன்னொரு தரம் கேக்க என்னால முடியாதும்மா. அதான் சொல்லல. இப்ப ஒண்ணும் பயமில்ல. இப்ப அழு. எவ்வளவு வேணுமோ அழு, கேட்டுக்கிட்டே இருக்கேன்."

நான் தட்டிக்கொண்டிருந்ததை அழித்தேன். பதிவு பட்டனை அழுத்திப் பிடித்து, பேச வாயைத் திறந்தேன். ஒரு வார்த்தை வரவில்லை. அவள் சொன்னது மட்டும்தான் வந்தது. அதை அப்படியே அனுப்பினேன்.

பாரிஸ் விமானத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். சந்திரலேகா என் பையையும் சேர்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, மறுகையால் என்னைப் பிடித்து நடத்தினார். எனக்கு அழுகை நிற்கவில்லை, நிறுத்தவும் தோன்றவில்லை. வரிசையில் நின்றவர்கள் பார்த்துவிட்டு, யாரோ இறந்துபோயிருக்க வேண்டும் என்று நினைத்து, தலையைக் குனிந்து ஒதுங்கி எங்களுக்கு வழிவிட்டார்கள். அத்தனை மாதம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த எனக்கு, அவர்களை ஒவ்வொருவராக நிறுத்திச் சொல்ல வேண்டும் போலிருந்தது. சொன்னேன்.