குரல் பிந்திய துபாஷி

ஒல்லாந்தர் தங்கள் தலைமைக் கச்சேரியை நாகப்பட்டினத்துக்கு மாற்றிக்கொண்டுபோன வருஷம் பழவேற்காட்டுக் கோட்டையில் அவர்கள் பேச்சைத் தமிழில் சொல்லும் துபாஷியாக இருந்த தங்கவேலுக்கு வேலை போயிற்று. அன்று முதல் அவன் பேசுவது ஒரு நாழிகை கழித்தே வெளியே கேட்டது. வேண்டாதவர்களின் பெயர்களை வாசித்துவிட்டு அதிகாரி படகில் ஏறியபோது தங்கவேல் அவர்கள் மொழியிலேயே ‘ஏன்?’ என்று கேட்டான். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. படகு முகத்துவாரத்தைத் தாண்டி, கரையில் நின்றவர்கள் கலைந்து, காவல்காரன் கதவைச் சாத்திக்கொண்டு போன பிறகு அந்த ‘ஏன்’ கணீரென்று கேட்டது. அப்போது அங்கே அவனைத் தவிர ஒருவரும் இல்லை. இதை ஊரில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வேலை போனவர்கள் எல்லோருக்கும் ஏதோ ஒன்று ஆகியிருந்தது. வெடிமருந்துச் சாலையில் இருந்த ஒருவருக்குச் சாயங்காலத்திலும் நிழல் நீளவில்லை. சாயக்காரர் ஒருவருக்குக் கையிலிருந்த நீலம் போகவே இல்லை. அது சாயக்காரர்களுக்கு எப்போதும் உள்ளதுதான் என்று விட்டுவிட்டார்கள்.

தங்கவேலின் மனைவி பவுனம்மாள் ஏரியில் கையால் இறால் பிடிக்கும் குடும்பத்தில் பிறந்தவள். கோட்டைச் சம்பளம் நின்றதும் மறுபடி ஏரியில் இறங்கினாள். இடுப்பளவு தண்ணீரில் தவழ்ந்து, சேற்றைத் துழாவி, அகப்பட்டதை, பல்லில் கடித்துத் தொங்கவிட்டிருக்கும் ஓலைக்கூடையான பறிக்குள் போட வேண்டும். வாயில் பறி இருக்கும்போது யாரும் பேசுவதில்லை என்பதால் தங்கவேலுக்கு அந்த ஓரிடம்தான் நிம்மதியாக இருந்தது. அவனும் கூடப் போனான். வீட்டில் அப்படி இல்லை. அவன் ‘போதும்’ என்று சொன்னது சட்டி கழுவி முடிந்த பிறகு வரும். கதவைத் தட்டியவருக்கு அவன் சொன்ன பதில் வெறும் வாசலில் விழும். இதெல்லாம் பழகிப்போயிருக்கும். ஆனால் ஒருநாள் அவள் காலருகே சேற்றில் திருக்கை ஒன்று படுத்திருப்பதைக் கண்டு, பறியை உதறிவிட்டு அடித்தொண்டையிலிருந்து கத்தினான். அவள் திரும்பவில்லை. முள் குத்தி, அவளைத் தூக்கிக்கொண்டு கரையேறி, வெந்நீர் வைத்து அவள் காலை அதில் அமிழ்த்திப் பிடித்துக்கொண்டிருந்தபோது, “பவுனு, காலை எடு!” என்று அவன் கத்தியது குடிசை அதிரக் கேட்டது. பவுனம்மாள் வலியை மறந்து அவன் முகத்தையே பார்த்தாள். மறுநாள் அவன் கங்காதரனைத் தேடிப் போனான்.

கங்காதரன் கோட்டையில் கணக்கராக இருந்து அதே நாளில் வேலை போனவர். அடுத்த நாளே, வேலை தேடுகிறவர்களுக்கு வழி சொல்வதைத் தன் வேலையாக்கிக்கொண்டு, ஒல்லாந்தர் கல்லறை மதிலின் நிழலில் உட்கார்ந்துவிட்டார். யார் வீட்டுக் கல்யாணத்துக்கு முதல் ஆளாகப் போக வேண்டும், யார் வீட்டுச் சாவுக்குக் கடைசிவரை நிற்க வேண்டும், எந்த வியாபாரியின் மச்சானிடம் எப்போது பேச்சுக் கொடுக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். அவர் சொல்லிக் கொடுத்துச் சிலருக்கு மீஞ்சூர்ப் பக்கத்து நெல் மண்டிகளிலும் சிலருக்குச் சென்னப்பட்டணத்திலும் வேலை கிடைத்தது. அவருக்குக் கிடைக்கவில்லை. மனைவி பொன்னேரியில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். இருந்த ஒரே தலைப்பாகையை அவர் தினமும் துவைத்து, காய்வதற்குள் கட்டிக்கொண்டு வந்தார். பேசும்போது அதிலிருந்து நீர் சொட்டும்.

“வேலை இல்லேன்னு ஒருத்தன்கிட்டயும் சொல்லாதே. நாலு எடம் பாத்துக்கினு இருக்கேன்னு சொல்லு,” என்றார் கங்காதரன். “மொத தபா போறப்போ வேலை கேக்கவே கூடாது. சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்னு சொல்லணும். கேட்டுட்டா நீ சின்னவனாயிடுவே.”

தங்கவேல் வாயசைத்தான். அவன் சொன்னது வந்து சேரும்வரை இருவரும் கல்லறை மதில் மேல் ஓடிய ஓணானைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு, “அண்ணே, நான் பேசறதே பிந்தித்தானே வருது,” என்று கேட்டது. கங்காதரன் தலைப்பாகையின் நுனியைப் பிழிந்துகொண்டார். அப்படியானால் கேள்விகளை முன்னாலேயே கணிக்க வேண்டும், பதில்களை ஒரு நாழிகை முன்னதாகவே சொல்லிவிட வேண்டும், வேறு வழியில்லை என்றார்.

கப்பலில் துணி அனுப்பும் வியாபாரி காதர் மரைக்காயரின் துபாஷி கோட்டைக்காரர்களோடு நாகப்பட்டினம் போய்விட்டதால் அந்த இடம் காலியாக இருந்தது. கங்காதரன் சொன்னபடி தங்கவேல் இரண்டு முறை சும்மா போய் நலம் விசாரித்தான். விசாரித்தது அவன் தெருமுனை திரும்பிய பிறகு அங்கேதான் கேட்டது. மூன்றாம் முறை நடுப்பகல் தொழுகை முடிந்து வரச் சொன்னார்கள். தொழுகை முடிய ஒரு நாழிகை இருக்கும் நேரம் பார்த்து, பனந்தோப்பில் நின்று, பெயர், ஊர், தெரிந்த பாஷைகள் என்று இடைவெளி விட்டு விட்டு உதடசைத்தான். எதிரில் நின்ற கங்காதரன் மரைக்காயரைப் போலத் தொண்டையைக் கனைத்துக் கேள்வி கேட்டார். இருவருக்கும் வேர்த்துக் கொட்டியது.

அன்று தொழுகை முடிந்த கையோடு மரைக்காயர் துறைக்குப் போய்விட்டார். அவருடைய சரக்கு ஏற்றிய ஒல்லாந்துக் கப்பல் வந்திருந்தது. தங்கவேல் கூடத்தில் உட்கார்ந்திருக்கையில், “என் பேரு தங்கவேலு,” என்று அவன் குரல் ஆரம்பித்தது. அவன் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டான். “தெலுங்கு, ஒல்லாந்து, பறங்கி பாஷை, மூணும் தெரியும்,” என்றது குரல். கூடக் காத்திருந்தவர்கள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள். எல்லாப் பதில்களும் ஆளில்லாத ஆசனத்துக்குச் சொல்லி முடிந்த பிறகு மரைக்காயர் வியர்வையோடு உள்ளே வந்தார். பெயர், ஊர் எதுவும் கேட்கவில்லை.

“கோட்டையில உன்னை ஏன் அனுப்புனாங்க?” என்றார்.

கங்காதரன் கணிக்காத கேள்வி அது. தங்கவேல் உண்மையைச் சொல்லி உதட்டை அசைத்தான். மரைக்காயர் கொஞ்சம் காத்திருந்துவிட்டு, பேச வராதவன் துபாஷி வேலைக்கு எதற்கு வந்தான் என்று சலித்துக்கொண்டார். போகத்தான் நினைத்தான் தங்கவேல். ஆனால் சொன்ன பதில் நடுத்தெருவில் யாரோ ஒரு மாட்டுக்காரனுக்குக் கேட்டுவிடும் என்ற பயத்தில் எழுந்திருக்க முடியவில்லை.

அந்நேரம் கப்பல் தலைவன் சத்தம் போட்டுக்கொண்டே நுழைந்தான். துணிப் பொதிகள் நனைந்திருந்தன. யார் குற்றம் என்பதில் துறையிலேயே தகராறு. வேறு ஆள் இல்லாததால் மரைக்காயர் தங்கவேலைப் பார்த்து, என்ன சொல்கிறான் கேள் என்றார். கப்பல் தலைவன் மரைக்காயரைத் திருடன் என்றான், அவர் தகப்பனாரையும் சேர்த்துச் சொன்னான். தங்கவேல் ஒரு வார்த்தை விடாமல் தமிழில் உதடசைத்தான். மரைக்காயர் அர்த்தம் வரட்டும் என்று அசையாமல் உட்கார்ந்திருந்தார். இத்தனை வசவுக்கும் கண் சிமிட்டாத மனிதரைக் கண்டு கப்பல் தலைவன் ஓர் அடி பின்வாங்கினான். இவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது என்று நினைத்தான். குரல் இறங்கியது. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, தன் கப்பலின் அடித்தளத்தில்தான் தண்ணீர் கசிந்தது என்று தரையைப் பார்த்துச் சொன்னான். தங்கவேல் அதற்கும் உதடசைத்தான்.

பிறகு குரல் வந்தது. “எனக்குத் தெரியல, மொதலாளி. ஏன்னு கேட்டேன். நான் கேட்டது அவங்க காதுல வுழல.”

மரைக்காயர் நிமிர்ந்தார். அது தன் கேள்விக்கான பதில் என்பது அவருக்குப் புரிந்தது. இந்த மனிதனின் வார்த்தைகள் எங்கே போய்த் திரும்புகின்றன என்பதும் புரிந்தது. அடுத்து வசவுகள் வந்தன. திருடன் என்ற சொல் கூடத்தில் கேட்டபோது, அதைச் சொன்னவன் எதிரே தலை குனிந்து, தொப்பியின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தான். மரைக்காயருக்குச் சிரிப்பு வந்தது. கசிவைப் பற்றிய ஒப்புதலும் வந்து சேர்ந்தபோது அவர் ஷர்பத் கொண்டுவரச் சொல்லிவிட்டார். மறுநாளிலிருந்து வரும்படி தங்கவேலிடமும் சொன்னார்.

அதன் பிறகு அவர் வீட்டுப் பேரங்கள் எல்லாம் அப்படியே நடந்தன. சொன்னதற்கும் கேட்டதற்கும் நடுவில் வந்தவர்கள் பேரீச்சம்பழம் தின்றார்கள், ஹுக்கா குடித்தார்கள், சிலர் தாங்கள் சொன்னதை நினைத்து வெட்கப்பட்டார்கள். மற்ற வியாபாரிகளும் அவனை அழைத்துப் போனார்கள். ஆனாலும் தங்கவேல் தினமும் காலையில் மரைக்காயர் வீட்டுக் கதவு திறந்திருக்கிறதா என்று தூரத்திலிருந்தே பார்த்துக்கொண்டுதான் நடந்தான். குரல் பிந்துவதும் நிற்கவில்லை.

வடகாற்றுக் காலத்தில் ஒரு மாலை கங்காதரன் அவன் வீட்டு வாசலில் வந்து நின்றார். நலம் விசாரிக்கவில்லை. சும்மா வந்தேன் என்றும் சொல்லவில்லை. தலைப்பாகையைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார்.

“எனக்கு வேலை இல்ல, தங்கவேலு. மரைக்காயர்கிட்ட சொல்லு. இன்னா வேலையானாலும் சரி.”

தங்கவேல் அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்து, பாயில் உட்கார வைத்து, நீளமாக ஏதோ சொன்னான். கங்காதரன் அந்த உதடுகளையே பார்த்தார். அவருக்கு எதுவும் பிடிபடவில்லை. பவுனம்மாள் இதற்குள் புருஷனின் உதட்டைப் பார்த்தே படிக்கப் பழகியிருந்தாள்.

“நேத்தே மரைக்காயர்கிட்ட சொல்லிட்டாராம் உங்களப் பத்தி. கணக்குக்கு ஆள் வேணுமாம். காலையில வாங்கன்றாரு,” என்றாள்.

கங்காதரன் தலையசைத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். சோறு ஆறிவிடும், கை கழுவிக்கொண்டு வாருங்கள் என்று அவள் கூப்பிட்டாள்.

“இரும்மா. அவன் வாயால கேட்டுக்கினு வரேன்,” என்றார்.

தங்கவேலும் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். பவுனம்மாள் குழம்பை மறுபடி அடுப்பில் ஏற்றினாள். குரல் வரும்வரை இருவரும் ஏரிப் பக்கம் பார்த்தபடி இருந்தார்கள்.